பின்யோன் மரத்தடி – சாண்டா ஃபே (அமெரிக்காவின் நியூ மெக்சிகோ) நாட்குறிப்பு

ஏப்ரல் 27
வீட்டை ஒட்டி நிற்கும் பின்யோன் பைனின் தாழ்ந்த கிளைகளைக் கழித்தேன், காட்டுத்தீ பயத்தில். பச்சைக் கிளைகள் மரத்தடியிலேயே குவிந்து கிடக்கின்றன. இந்தக் குளிர்காலம் பனி சரியாக விழவில்லை. மண்வெட்டி இறங்க மறுக்கிறது.

ஜூன் 19
குவியலை இன்னும் அள்ளவில்லை. கிளைகளில் செம்பழுப்புத் தூள், பட்டைவண்டு குடைந்து தள்ளியது. மரத்தின் பட்டை இடுக்கிலும் அதே தூள். தண்ணீர் குடித்த மரம் பிசினைப் பாய்ச்சியே வண்டை வெளியே தள்ளிவிடும். இதில் இரண்டு மூன்று பிசின் முத்துகள்தான், அவையும் காய்ந்தவை.

ஜூன் 22
கத்தியால் ஒரு துண்டுப் பட்டையைப் பெயர்த்தேன். அரிசியைவிடச் சற்றே சிறிய பழுப்பு வண்டு, இப்ஸ். ஆண்தான் முதலில் துளைத்து ஓர் அறை குடைகிறது. அங்கிருந்து அது விடும் வாசனைக்கு ஆணும் பெண்ணுமாக ஊரே கூடிவிடுகிறது. அந்த அறையிலிருந்து பெண் வண்டுகள் வெட்டிய சுரங்கங்கள் கவட்டை போலப் பிரிந்து போகின்றன, ஓரமெங்கும் முட்டைக் குழிகள். கூடவே வந்த பூஞ்சை மரத்தை நீலமாக்கியிருக்கிறது. நீரேறும் வழியை அடைப்பது அதுதான். இனி எந்த மருந்தும் இந்த மரத்தைக் காப்பாற்றாது.

ஜூன் 23
தூக்கம் வரவில்லை. ஊரில் அப்பா தென்னையில் பச்சை மட்டையை வெட்ட விடமாட்டார். "வாசனை பிடிச்சு கூன்வண்டு வந்துரும்டா" என்பார். கேட்டு வளர்ந்தவன் நான். வெட்டுக்காயத்தின் வாசனை இங்கேயும் அதே வேலையைத்தான் செய்யும் என்று ஏன் தோன்றவில்லை? கிளை கழிப்பதைக் குளிர்காலத்துக்குத் தள்ளியிருக்க வேண்டும்.

ஜூலை 8
பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து மரத்தைத் தடவிப் பார்த்தார். 2002–03 வறட்சியில் மலைச்சரிவே சிவந்து, பிறகு சாம்பலாகிப் போனதாம். அப்போது லாஸ் அலமோஸ் பக்கம் ஆய்வாளர்கள் கவனித்து வந்த ஓரிடத்தில் பின்யோன்களில் 90 சதவீதத்துக்கு மேல் செத்தன. பக்கத்திலேயே நின்ற ஜூனிபர் மரங்கள் பெரும்பாலும் பிழைத்தன. வறட்சி வந்தால் பின்யோன் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். நீர் மிஞ்சும், உணவு தயாரிப்பு நின்றுபோகும். பசித்த மரத்தில் பிசின் எப்படி ஊறும்? பாட்டி கொட்டை பொறுக்கிய மரங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லையாம்.

ஜூலை 20
வெட்டிவிட்டேன். துண்டுகளைக் கண்ணாடி பிளாஸ்டிக்கால் மூடி, விளிம்பில் மண் அணைத்து வெயிலில் போட்டிருக்கிறேன். உள்ளே இருப்பவை வெந்து சாகட்டும். அடிக்கட்டையில் வளையங்களை எண்ணினேன். 140 வரை வந்தது, அதற்குமேல் கண் தெரியவில்லை.

ஆகஸ்ட் 3
மிச்சமிருக்கும் இரண்டு மரங்களுக்கும் கிளை நுனி நிழல் விழும் வட்டத்தில் சொட்டுக்குழாய் போட்டேன். ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் கம்பியைக் குத்திப் பார்த்தேன், ஓரடி இறங்கியது.