வயது, சுமார் முப்பது

பள்ளி நாட்களைப் பற்றி எழுதுங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். எங்கள் பள்ளி நாட்களில் பாதி கோயில் வளாகத்தில்தான் கழிந்தது. மிச்சப் பாதியைப் பற்றி வகுப்புத் தோழர்கள் எழுதட்டும். அடி வாங்கிய கணக்கெல்லாம் அவர்களுக்குத்தான் நன்றாக ஞாபகம் இருக்கும். நான் கோலார் தங்க வயலின் சாம்பியன் ரீஃப்ஸ் பகுதியில் இருக்கும் வெற்றி அன்னை கத்தோலிக்கக் கோயிலைப் பற்றி எழுதுகிறேன்.

கோலார் தங்க வயல் பிறந்த கதை நம் எல்லோருக்கும் மனப்பாடம். 1875-இல் லாவெல் துரை மைசூர் சமஸ்தானத்திடம் உரிமம் வாங்கியது, 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது, 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து ஊரே வெளிச்சமானது எல்லாம் பாடம்போல ஒப்பிப்போம். கோயில் யார் காசில் எழும்பியது, யாருக்காக எழும்பியது என்று மட்டும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

துரைமார் பலர் கார்ன்வாலிலிருந்து வந்த மெதடிஸ்ட்காரர்கள். அவர்களுக்கு வேறு கோயில். கத்தோலிக்கர் என்றால் இத்தாலிச் சுரங்கக்காரர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், அப்புறம் வடஆர்க்காடு, சித்தூர், சேலம் பக்கமிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி வந்த நம்மவர்கள். எங்கள் தாத்தா சொல்வார்: “முன்னாடி பெஞ்சி போட்டு அவங்க, பின்னாடி தரையில நாங்க. பூசை மட்டும் ஒண்ணுதான். லத்தீன். அது அவனுக்கும் புரியாது, எனக்கும் புரியாது.” அந்த ஒரு சமத்துவத்தை நினைத்து அவர் சாகும்வரை சிரித்தார்.

வயலில் தமிழர் எல்லோரும் கோயிலுக்கு வந்துவிட்டார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். மாரிகுப்பத்தில் அயோத்திதாசப் பண்டிதர் வழிவந்த பௌத்தர்கள் இருந்தார்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியவர்களும் இருந்தார்கள். ஒரே லயனில், ஒரே தட்டி வீட்டு வரிசையில், மூன்று விதமான சாவுச் சடங்கும் நடக்கும். தாரை தப்பட்டைச் சத்தம் மட்டும் எல்லாவற்றுக்கும் பொது.

சாமியார்கள் பாரிஸ் மறைபரப்புச் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர்கள். 1886-இல் மைசூர் மறைமாவட்டம் ஆனபோதும் ஆயர் இருந்தது பெங்களூரில்தான். பௌரிங்பேட்டையிலிருந்து வயலுக்குக் கிளைப்பாதை போட்டது 1894-இல். அதற்கு முன்பு இங்கே வர வேண்டிய சாமியார், பௌரிங்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கிப் பத்து மைல் மாட்டு வண்டியில் குலுங்கித்தான் வந்திருக்க வேண்டும். நாம் பங்காரப்பேட்டை என்று டிக்கெட் எடுக்கும் ஊர்தான் அது.

இதையெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். கோயிலின் பழைய கதை எனக்குத் தெரிய வந்தது ஒரு மழைக்கால மத்தியானத்தில். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, பீடச் சிறுவன். சாமியார் அறை அலமாரியில் கறையான் ஏறிவிட்டது. புத்தகங்களை வராந்தாவுக்குக் கொண்டு வந்து தட்டித் துடைக்க என்னையும் இன்னொருவனையும் கூப்பிட்டார்கள். ஞானஸ்நானப் புத்தகம், மெய்விவாகப் புத்தகம், அடக்கப் புத்தகம். மூன்றாவதுதான் கனம்.

பழுப்பேறிய தாள், காவி நிறத்துக்கு மங்கிய மை, சாய்ந்த கையெழுத்து. சவரிமுத்து என்ற பெயரைப் பிரெஞ்சு வழக்கில் ‘ஓ’வும் ‘யூ’வும் சேர்த்து நீட்டி எழுதியிருந்தார்கள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு லத்தீன் சொல் திரும்பத் திரும்ப வந்தது: ‘சிர்சித்தெர்’. என்ன சாமி இது என்று கேட்டேன். “சுமார்” என்றார். சுமார் முப்பது வயது. சுமார் இருபத்தைந்து. சுமார் நாற்பது. ஊரை விட்டு வந்தவனுக்குப் பிறந்த தேதி யாருக்குத் தெரியும்? செத்த தேதி மட்டும் துல்லியமாக இருந்தது.

இன்னொரு வரியும் அடிக்கடி வந்தது. அதற்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: “திடீர் மரணம். தேவதிரவிய அனுமானம் பெறவில்லை.” படுக்கையில் கிடப்பவனுக்குச் சாகுமுன் எண்ணெய் பூசிச் செபிக்க, அதாவது அவஸ்தைப் பூச, சாமியார் ஓடி வருவார். பாறை வெடித்துச் சாய்ந்தால் எந்தச் சாமியார் கீழே போவது? ஆழம் போகப் போக அழுத்தம் தாங்காமல் பாறை தானாக வெடிக்கும். நாம் ‘பர்ஸ்ட்’ என்போமே, அதுதான். வீட்டில் தட்டுமுட்டுச் சாமான் அதிரும், கோயிலில் தூக்கு விளக்கு ஆடும். அடுத்து விபத்துச் சங்கு ஊதுகிறதா என்று ஊரே காது கொடுத்து நிற்கும். ராத்திரி ஷிப்டுக்குப் போன அப்பா திரும்பும்வரை அம்மா அடுப்பை மூட்டமாட்டாள். அந்த நேரத்தில் செபமாலை சொல்லக் கோயிலுக்குத் தனியாக அழைப்பு வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கு எனக்குப் புத்தியில் பட்டதைச் சொல்கிறேன். பங்கின் வரலாறு என்று வெள்ளிவிழா மலர்களில் போடுவார்களே, எந்தச் சாமியார் எந்த வருடம் வந்தார், மணிக்கூண்டு யார் கட்டினார் என்று, அந்தப் பட்டியலில் எனக்கு நம்பிக்கை போனது அன்றுதான். மூன்றாவது புத்தகத்தில் இருப்பவர்களின் கூலியில் பிடித்த காசுதான் அந்தச் சுவர்.

அதே வேளையில் முதல் புத்தகத்தையும் புரட்டினேன். அதில் ‘சுமார்’ இல்லை. அப்பனுக்கு வயது தெரியாது, பிள்ளைக்கு நாள், மாதம், வருடம் எல்லாம் இருந்தது. நம்மில் எத்தனை பேர் அந்தச் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தோம்! சீட்டு இல்லாத பையன்களுக்கு வாத்தியாரே ஜூன் மாதத்தில் ஒரு பிறந்தநாள் போட்டுக் கொடுத்தார். எங்கள் வகுப்பில் மட்டும் ஜூனில் பிறந்தவர்கள் பதினேழு பேர்.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடியது. நான் அதற்கு வெகு முன்பே கப்பல் ஏறாத குறையாகக் கிளம்பிவிட்டேன். கடைசியாகப் போனபோது, தங்கம் பிரித்த பின் கொட்டிய மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்றில் தூசி பறந்தது. விடிவதற்கு முன்பே ஜனங்கள் பெங்களூர் வேலைக்கு ரயில் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். கோயிலில் காலைப் பூசைக்கு ஐந்தாறு கிழவிகள். அவர்களில் ஒருத்தி என்னை உற்றுப் பார்த்து, “நீ யார் பேரன்?” என்று கேட்டாள். தாத்தா பெயரைச் சொன்னேன். எந்த லயன், எந்த வீடு என்று சரியாகச் சொன்னாள்.

வெளிநாடு வர விண்ணப்பித்தபோது பிறப்புச் சான்று கேட்டார்கள். ஞானஸ்நானச் சீட்டைத்தான் கொடுத்தேன். எனக்குத் தாத்தா பெயர்தான். என் பெயரைப் பதிந்த உபதேசியார், தாத்தா பெயருக்குப் போட்டிருந்த அதே பிரெஞ்சு எழுத்துக்கூட்டலை அப்படியே பார்த்து எழுதிவிட்டார். இப்போது கடவுச்சீட்டிலும் அதுதான். இங்கே வங்கியில், மருத்துவமனையில், எங்கே கூப்பிட்டாலும் முதல் பாதியோடு திணறி நிறுத்திக்கொள்கிறார்கள். நான் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கிறேன்.