பின்னால் மாற்ற முடியாத குறைகள்

அக்கா மகள் கல்லூரியில் சேர்ந்ததும் அவளுக்கு ஒரு டெஸ்க்டாப் பார்த்து வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பட்ஜெட் சிறியது, அதைத் தாண்டக் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இரண்டு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். இந்த விலையில் குறையில்லாத மெஷின் கிடையாது, எங்கேயாவது கை வைத்துத்தான் விலையைக் குறைக்கிறார்கள். நான் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இந்தக் குறையைப் பிறகு சரிசெய்ய முடியுமா?

இந்தக் கேள்வி எனக்குப் பட்டுத் தெரிந்தது. சில வருடங்களுக்கு முன் எனக்கென்று ஒரு சின்னப் பெட்டி கம்ப்யூட்டர் வாங்கினேன். 4 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது மட்டும் பயன்படும் தற்காலிக நினைவகம்), 64 ஜிபி இஎம்எம்சி ஸ்டோரேஜ் (ஃபைல்களைச் சேமிக்கும் மலிவான சிப்). போதாவிட்டால் ராம் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். விண்டோஸ் அப்டேட் இடமில்லை என்று நிற்க ஆரம்பித்த பிறகு ஒரு நாள் கழற்றிப் பார்த்தால் உள்ளே ராம் செருகும் ஸ்லாட்டே இல்லை, ராமும் ஸ்டோரேஜும் இரண்டுமே போர்டோடு சேர்த்து சால்டர் செய்யப்பட்டிருந்தன. நல்ல நிலையில் இருந்த ஒரு மெஷின், அப்படியே மூலைக்குப் போனது. அது இன்னும் எனக்கு வருத்தம்தான்.

சரி, இந்த முறை முதலில் ஸ்டோரேஜ். "1 டிபி ஹார்ட் டிஸ்க்" என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 7200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 7200 சுற்று) டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 8 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிறது. தேடும் இடம் ஊசிக்கு நேராக வர சராசரியாகப் பாதிச் சுற்று, ஊசி நகரும் நேரம் தனி. ஆக எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை விநாடிக்கு நூறு தடவை படித்தாலே பெரிய விஷயம். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதும் பிரௌசர் திறக்கும்போதும் நடப்பதோ இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான வாசிப்புகள். சுழலும் தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் மலிவானது கூட அந்த வேலையை விநாடிக்குப் பல ஆயிரம் தடவை செய்துவிடும். அதனால் 256 ஜிபி எஸ்எஸ்டியே போதும் என்று எடுத்தேன், இடம் போதாமல் போனால் அப்புறம் ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் சாட்டா போர்ட்டில் (டிஸ்க் இணைக்கும் இடம்) மாட்டிக்கொள்ளலாம்.

ராமில்தான் ரொம்ப யோசித்தேன். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் திரைக்கான வேலையும் இதே ராமில்தான் நடக்கும். டிடிஆர்4-3200 என்ற வகை ராமில் ஒரே ஸ்டிக் (ஸ்லாட்டில் செருகும் ராம் பட்டை) என்றால் அதிகபட்ச வேகம் விநாடிக்கு 25.6 ஜிபி, இரண்டு ஸ்டிக் போட்டால் 51.2. அப்படிப் பார்த்தால் 4 ஜிபி ஸ்டிக் இரண்டு போடுவது நல்லது. ஆனால் மலிவான போர்டுகளில் பெரும்பாலும் இரண்டே ஸ்லாட், இரண்டும் நிரம்பிவிட்டால் நாளைக்குக் கூட்டும்போது பழைய ஸ்டிக்கைக் கழற்றி ஓரமாக வைக்க வேண்டியதுதான். ஒரு 8 ஜிபி ஸ்டிக், ஒரு காலி ஸ்லாட் என்று முடிவு செய்தேன். கொஞ்ச நாளைக்கு கிராஃபிக்ஸ் மெதுவாக இருக்கும், இருக்கட்டும்.

பிராசஸரில் பெயர்தான் ஏமாற்றும். இன்டெலில் 2011இல் வந்த ஐ7-2600க்கும் 2022இல் வந்த ஐ3-12100க்கும் கோர் (கணக்குப் போடும் பகுதி) எண்ணிக்கை நான்கே, த்ரெட் (ஒரே நேரத்தில் நடத்தும் வேலை வரிசை) எட்டே, ஆனால் வேகத்தில் புதிய ஐ3 எங்கேயோ இருக்கிறது. பழைய ஆபீஸ் மெஷின்களை "ஐ7" என்று சொல்லி விற்பவர்களிடம் எத்தனையாவது ஜெனரேஷன் என்று கட்டாயம் கேளுங்கள். இன்டெலில் 8ஆவது ஜெனரேஷனுக்கு முந்தையவற்றில் அநேகமாக எதையும் விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்னொன்று, இன்டெல் பெயரின் கடைசியில் எஃப் என்று இருந்தால் அதில் கிராஃபிக்ஸ் கிடையாது. விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கி, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் மாட்டினால் திரையில் ஒன்றும் வராது.

பவர் சப்ளையை யாருமே பார்ப்பதில்லை, அதுதான் எனக்குக் கோபம். ஒன்றின் மேல் 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையைப் பார்த்தேன், 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட். பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டைத்தான், மேலே போட்ட 450 எதற்கும் உதவாது. கம்பெனியே அசெம்பிள் செய்து தரும் சிறிய பெட்டிகள் சிலவற்றில் வேறு சிக்கல்: பவர் சப்ளையின் வடிவமும் கனெக்டரும் அவர்களுக்கே உரியவை, வெளியில் வாங்கியதைப் பொருத்த முடியாது. அதனால் ஏடிஎக்ஸ் என்ற பொதுவான அளவில் பவர் சப்ளை உள்ளதாகவே தேடினேன்.

கேபினெட், கீபோர்டு, மவுஸ் எல்லாம் இருப்பதிலேயே மலிவு. மானிட்டர் வீட்டில் இருந்த பழையது. வைஃபை இல்லாத போர்டு, ஒரு யுஎஸ்பி அடாப்டர் போட்டதும் தீர்ந்தது.

எட்டு மாதம் நன்றாக ஓடியது. போன வாரம், பத்துப் பதினைந்து டேப் திறந்து வைத்து ப்ராஜெக்ட் செய்தால் திணறுகிறது என்று போன் செய்தாள். இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் வாங்கிக்கொண்டு போனேன். நான் தொடவே இல்லை, அவளையே கழற்றச் சொன்னேன். ஸ்டிக்கைக் காலி ஸ்லாட்டில் வைத்து, உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து அழுத்தினாள், "க்ளிக்" என்று கிளிப் பூட்டிக்கொண்டது. ஆன் செய்து 16 ஜிபி என்று காட்டியதும், "அவ்வளவுதானா மாமா?" என்றாள்.