ரேஸ் இல்லாத மாதங்கள்

கிண்டி லாயத்தில் வேலை பழகிய எனக்குக் குளிர்காலம் என்றாலே சீசன்தான். நான் அங்கே இருந்தபோது நவம்பரிலிருந்து மார்ச் வரை சென்னையில் ரேஸ், ஏப்ரல் வந்தால் குதிரைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குப் போவோம். நான் இப்போது வேலை செய்யும் இங்கிலாந்தின் குதிரை ரேஸ் ஊரான நியூமார்க்கெட்டில் இது அப்படியே தலைகீழ். புல்தரை ஃபிளாட் ரேஸ் (தடை தாண்டாமல் ஓடுவது) மார்ச் கடைசியில் தொடங்கி நவம்பர் முதல் பாதியில் முடிந்துவிடும். செயற்கைத் தரையில் குளிர்காலத்திலும் ரேஸ் உண்டு, ஆனால் எங்கள் லாயத்தில் பெரும்பாலான குதிரைகளுக்கு அப்போது ஓய்வு. ஊருக்குப் போன் செய்தால் "அப்போ வேலை இல்லையா, சம்பளம் தருவாங்களா" என்று அம்மா கவலைப்படுவார். வேலை நிறைய இருக்கிறது. என்னைக் கேட்டால், குதிரை வேலையைக் கற்றுக்கொள்ளவே இந்த மாதங்கள்தான் சரி.

சீசன் முடியும்போது முதலில் வருவது பிரிவு. அக்டோபர் கடைசியில் டாட்டர்சால்ஸ் நிறுவனத்தின் குதிரை ஏலம். இன்னும் கினி கணக்கில்தான் கூவுவார்கள், ஒரு கினி என்பது ஒரு பவுண்டு 5 பென்ஸ். காலையும் மாலையும் நாம் தேய்த்துவிட்ட குதிரை சில நிமிஷத்தில் கைமாறி வளைகுடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போய்விடும். எனக்கு அது இன்னும் பழகவில்லை, பழக வேண்டும் என்றும் தோன்றவில்லை.

காலியான கொட்டடிகளுக்கு, முதுகில் ஆள் ஏறியே அறியாத குட்டிகள் வரும். இவற்றைப் பழக்குவதுதான் குளிர்காலத்தின் பெரிய வேலை. முதலில் வாயில் கடிவாள இரும்பு, அப்புறம் வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை. பட்டையை ஒவ்வொரு துளையாக, குட்டி மூச்சை விடும்போதுதான் இறுக்க வேண்டும், அவசரப்பட்டால் துள்ளிச் சுவரில் மோதும். பிறகு இரண்டு நீளக் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தே திரும்பவும் நிற்கவும் சொல்லித்தருவோம். அதெல்லாம் பழகிய பிறகு ஒருவர் கொட்டடிக்குள்ளேயே அதன் முதுகின் குறுக்கே வயிறு படியப் படுப்பார், இன்னொருவர் தலைப்பக்கம் நின்று பேசிக்கொண்டே இருப்பார். நான் தலைப்பக்கம் நின்றால் தமிழில்தான் பேசுவேன், காது இரண்டும் என் பக்கம் திரும்பும். எந்த மாதம் பிறந்திருந்தாலும் ஜனவரி 1 அன்று எல்லாவற்றுக்கும் ஒரு வயது கூடும். அதற்குள் பல குட்டிகள் பெரிய குதிரைகளின் பின்னால் வரிசையில் நடக்கத் தொடங்கியிருக்கும்.

கிண்டியில் குதிரையைப் பராமரிக்கும் சைஸ் வேறு, ஏறி ஓட்டும் ரைடர் வேறு. இங்கே சாணி அள்ளுபவரே சேணம் போட்டு ஏறியும் போக வேண்டும். டிசம்பரில் விடியவே எட்டு மணி ஆகிவிடும், நான்கு மணிக்குள் இருட்டிவிடும், சில நாள் தண்ணீர் வாளியில் ஐஸைத் தட்டி உடைக்க வேண்டும். ஆனாலும் தினமும் முதல் வேலை கால் பார்ப்பது. முன்னங்காலின் பின்பக்கத் தசைநாண் வழியே விரலை இறக்கி, இரண்டு காலுக்கும் சூட்டில் வித்தியாசம் தெரிகிறதா என்று பார்ப்போம், சூடு இருந்தால் அன்று அந்தக் குதிரை வெளியே போகாது. விறைத்த கையில் சூடு தெரியாது, அதனால் முதலில் கையை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொள்ளச் சொன்னார் புனேயிலிருந்து வந்த ஓர் அண்ணன். கோடையில் இதைச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது, பாதிப் பேர் குதிரையோடு ஏதாவது ஒரு ரேஸ் கோர்ஸில் இருப்பார்கள்.

அதனால் இந்த வேலைக்கு வர நினைக்கும் நம் பையன்களுக்குச் சொல்கிறேன், முடிந்தால் நவம்பரில் வாருங்கள். குளிர் படுத்தும்தான். ஆனால் மே முதல் வாரம் நியூமார்க்கெட்டின் பெரிய ரேஸான கினீஸ் வரும்போது, ஒவ்வொரு குதிரையின் கால் எப்படி இருக்கும் என்று உங்கள் விரலுக்குத் தெரிந்திருக்கும்.