உதட்டோரத்தில் ஒரு பிக்சல்

என் பாட்டியை, எங்கள் வாயில் ஆயாவை, கட்டம் கட்டமாகப் பிக்சல் படமாக வரைந்து பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் டோக்கனாக ஏற்றும் வேலையில் இருக்கிறேன். நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு ஆயா ஒருவழியாகத் தலைநிமிர்ந்து, மனுஷ நிறத்தில், முகத்தில் கோடு எதுவும் விழாமல் சிரித்தாள். எத்தீரியம் பிளாக்செயினின் ஒத்திகைக் களமான செபோலியா டெஸ்ட்நெட்டில்தான், நிஜக் களமான மெயின்நெட்டுக்கு இன்னும் போகவில்லை. ஆனாலும் மூன்று வாரத்தைத் தின்ற வேலை. சூட்டோடு எழுதிவைக்காவிட்டால் அடுத்த முறை இதே பள்ளத்தில் நானே மறுபடி விழுவேன்.

தொடருக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஏழு முகங்கள், ஏழும் ஆயா. 24-க்கு 24 கட்டம், நான்கே நிறம்: அரக்கு, தோல், தோலின் நிழல், வெள்ளை. நரைமுடிக்கும் மூக்குத்திக்கும் அதே வெள்ளைதான். மூக்குத்தி ஒற்றை பிக்சல், இடது மூக்கில். ஆயா போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அவள் படம் என்று வீட்டில் இருப்பவை இரண்டு: ரேஷன் கார்டில் ஒன்று, வாக்காளர் அட்டையில் ஒன்று. இரண்டிலும் யாரோ திட்டி உட்காரவைத்தது போன்ற முகம். சிரிக்கிற ஆயாவுக்குப் படமே கிடையாது. நினைவில் இருப்பதை வைத்துத்தான் கட்டத்தை நிரப்புகிறேன்.

படத்தை எங்கே வைப்பது என்பதில் நான் ஏற்கெனவே சூடு பட்டவள். 2021-இல் டெசோஸ் என்ற இன்னொரு பிளாக்செயின் பக்கம், படங்களை டோக்கனாக விற்கும் ஹிக் எட் நுங்க் தளத்தில் ஆரம்பித்தேன். அந்த வருடம் நவம்பரில் தளம் திடீரென்று மூடப்பட்டது. டோக்கன்கள் பிளாக்செயினிலும் படங்கள் பலருடைய கணினிகளில் கோப்புகளைப் பகிர்ந்து வைக்கும் ஐபிஎஃப்எஸ்ஸிலும் இருந்ததால், பயன்படுத்தியவர்களே சேர்ந்து அதே படங்களைக் காட்டும் வேறு தளங்களை எழுப்பினார்கள்; பிறகு டெயா என்ற தளம் வந்தது. பார்த்தீர்களா, கடை மூடினாலும் சரக்கு போகவில்லை என்று எல்லோரிடமும் பெருமை பேசித் திரிந்தேன். அப்புறம் போட்ட படங்களுக்கு கோப்பைத் தன்னிடம் நிறுத்திவைக்கும் ஓர் இலவச பின்னிங் சேவையை நம்பினேன். அது ஒருநாள் சத்தமில்லாமல் நின்றது. இரண்டு படங்கள் இப்போது எந்த வழியாகவும் திறப்பதில்லை. ஐபிஎஃப்எஸ் முகவரி கோப்பின் கைரேகை மாதிரி. கோப்பை யாராவது ஒருவர் வைத்திருந்தால்தான் அந்த ரேகைக்கு வேலை. என் நிலைமை, பட்டா கையில் இருக்கிறது, நிலத்தைக் காணோம்.

அதனால் இந்த முறை பிக்சல்களையே எத்தீரியத்துக்குள் போடுகிறேன். பிரபலமான பிக்சல் முகத் தொடர் கிரிப்டோபங்க்ஸும் இதே 24-க்கு 24-தான். 2017-இல் அது வந்தபோது ஒப்பந்தத்துக்குள் (பிளாக்செயினில் ஓடும் நிரல்) இருந்தது மொத்தப் படத்தின் ஹாஷ், அதாவது கைரேகை மட்டுமே. பிக்சல்கள் உள்ளே போனது 2021 ஆகஸ்டில்.

கணக்கு இப்படி. நான்கு நிறம் என்றால் பிக்சலுக்கு 2 பிட். 576 பிக்சலுக்கு 144 பைட், ஏழு முகத்துக்கு 1,008 பைட். இதை ஒப்பந்தத்தின் சாதாரண ஸ்டோரேஜில் வைத்தால் 32 பைட் கொள்ளும் ஸ்லாட் 32 வேண்டும், ஒன்றுக்கு 22,100 கேஸ் (எத்தீரியம் கேட்கும் கூலியின் அலகு), ஆக 7 லட்சத்துக்கு மேல். படத்தை ஒரு குட்டி ஒப்பந்தத்தின் நிரல் போல ஒட்டிவைக்கும் எஸ்ஸ்டோர்2 வழியில் பைட்டுக்கு 200 கேஸ், உருவாக்கும் கூலி 32,000. அது நிரலாக ஓடிவிடாமல் இருக்க முன்னால் வைக்கும் ஒரு 00 பைட்டையும் சேர்த்து 2,33,800. மூன்றில் ஒரு பங்கு. ஓர் ஒப்பந்தத்தின் வரம்பு 24,576 பைட். ஆயாவை 170 முறை அடுக்கலாம். 16 நிறம் வைத்துக்கொள்ளேன் என்று நண்பன் சொன்னான். அரக்கும் வெள்ளையும் ஆயாவுக்கே போதுமாக இருந்த நிறங்கள், எனக்கு எதற்கு 16?

சரி, வேதனைக்கு வருகிறேன்.

முதலில் எல்லோரையும் போல எஸ்விஜி, அதாவது படத்தை வடிவங்களாக எழுதிவைக்கும் கோப்பு. ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு செவ்வகம், ஒரே நிறம் அடுத்தடுத்து வந்தால் ஒன்றாகச் சேர்த்துவிடுவது. லேப்டாப்பில் பளிச்சென்று வந்தது. போனில் திறந்தால் ஆயா முகம் முழுக்க மயிரிழைக் கோடுகள், கொசுவலைக்குப் பின்னால் உட்கார்ந்தது மாதிரி. 500 பிக்சல் அகலத்தை 24-ஆல் வகுத்தால் 20.83. செவ்வகத்தின் ஓரம் திரையின் ஒரு புள்ளிக்கு நடுவில் விழுகிறது. உலாவி இரண்டு பக்கமும் மழுப்புகிறது. இடுக்கில் பின்னணி எட்டிப்பார்க்கிறது. ஓரத்தை மழுப்பாதே என்று சொல்லும் கிறிஸ்ப்எட்ஜஸ் போட்டதும் கோடு போனது. ஆனால் ஓரத்தை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதை ஒவ்வோர் உலாவியும் தன் இஷ்டத்துக்கு முடிவுசெய்கிறது. ஒன்றில் புருவம் தடித்தது, இன்னொன்றில் மூக்குத்தி மெலிந்தது. எனக்குப் புருவம் விளையாட்டு இல்லை. மூன்றாவது முகம் அழுகை; அதில் நான் கண்ணீரே போடவில்லை. புருவத்தின் உள்முனையை ஒரு வரிசை உயர்த்தியதோடு சரி. அந்த ஒரு பிக்சல் தடித்தால் அழுகை போய் ஆச்சரியம் வந்துவிடுகிறது.

ஆகவே எஸ்விஜிக்குள் ஒரு நிஜமான பிக்சல் படத்தையே வைத்துவிடலாம் என்று பிஎம்பி என்ற பழைய படக்கோப்பு வகைக்குப் போனேன். சிரிக்காதீர்கள். பிஎன்ஜி என்றால் ஒப்பந்தத்துக்குள் சிஆர்சி என்ற பிழை சரிபார்ப்புக் கணக்கெல்லாம் போட வேண்டும். பிஎம்பிக்கு ஒரு தலைப்பு, ஒரு நிறப்பட்டியல், அப்புறம் வெறும் பிக்சல். 4 பிட்டில் ஒரு வரிசை 12 பைட். நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்ற விதிக்கும் பொருந்துகிறது. 14 தலைப்பு, 40 விவரம், 16 நிறம், 288 பிக்சல். மொத்தம் 358 பைட், பைட்டை எழுத்தாக மாற்றும் பேஸ்64-இல் 480 எழுத்து. வாசிக்கும்போதுதான் இந்த விரிப்பு வேலை எல்லாம் நடக்கிறது என்பதால் அதற்குக் கேஸும் இல்லை.

ஓடவிட்டேன். ஆயா தலைகீழாகத் தொங்கினாள். பிஎம்பி வரிசைகளைக் கீழிருந்து மேலாக அடுக்கும் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. வரிசையைத் திருப்பினேன். நிமிர்ந்தாள், ஆனால் நீல நிறத்தில். நிறப்பட்டியலில் சிவப்புக்கு முன்னால் நீலம் வர வேண்டுமாம். இந்த இரண்டுக்கும் நான்கு இரவு போனது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதில் ஒரு இரவு ஃபாசெட்டுக்கு: டெஸ்ட்நெட் காசு தரவே மெயின்நெட்டில் இருப்பு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். பிச்சை போட வருமானச் சான்றிதழ் கேட்பது மாதிரி.

இதற்கு நடுவில் மவுஸ் செத்தது. ஒரு கிளிக்கை இரண்டாக எடுக்க ஆரம்பித்தால் பிக்சல் ஆள் என்ன செய்வது? ரிச்சி தெருவில் 350 ரூபாய்க்கு ஒயர் வைத்ததே வாங்கினேன், நன்றாக இருக்கிறது. டேப்லெட் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம். பிக்சல் வரையும் மென்பொருளான அஸிப்ரைட்டை காசு கொடுத்தும் வாங்கலாம், சொந்த உபயோகத்துக்கு மூலநிரலிலிருந்து தொகுத்தும் கொள்ளலாம். நான் தொகுத்தேன், அரை நாள் போனது, வாங்கியே இருக்கலாம்.

கடைசி முடிச்சு சின்னப் படத்தில் வந்தது. டோக்கன் பட்டியலில் 40 பிக்சல் அகலத்தில் காட்டும்போது ஒரு நெடுவரிசைக்கு 1.67 வருகிறது. அரைப் புள்ளி கிடையாதே, அதனால் மூன்று நெடுவரிசைக்கு இரண்டு தடிமனாகவும் ஒன்று ஒல்லியாகவும் விழுகின்றன. என் பழைய மானிட்டரில் அப்பட்டமாகத் தெரிகிறது, போன் திரையில் அவ்வளவு இல்லை. சிரிப்பில் உதட்டோரங்கள் 9-ஆம், 16-ஆம் நெடுவரிசைகளில் இருந்தன. இரண்டும் தடி. வெகுளியாகச் சிரிக்க வேண்டியவள் அடுத்த வீட்டுக்காரி வழுக்கி விழுந்ததைப் பார்த்தவள் போல இளித்தாள்.

ஒரு பக்கம் முழுக்க எழுதிப் பார்த்தேன். 2, 5, 8, 11, 14, 17, 20, 23 மட்டும் ஒல்லி. 8-உம் 17-உம் நடுக்கோட்டிலிருந்து ஒரே தூரம்! வரிசைக்கும் இதே கணக்கு, 17 ஒல்லி. உதட்டோரங்களை ஆளுக்கு ஒரு கட்டம் வெளியே தள்ளி 17-ஆம் வரிசையில் வைத்தேன். வாய் அகலமானது. பெரிய படத்தில் என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டே பார்த்தால், பொக்கைவாய்ச் சிரிப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு வாரமாக வரைந்து வரைந்து வராதது, வகுத்தல் கணக்கில் வந்தது.

12-க்கு 12 கட்டத்தில் ஷிகெடகா குரிதா 1999-இல் 176 எமோஜி போட்டார். மேக் கணினியின் ஐகான்களை சூசன் கேர் கட்டத்தாளில் நிரப்பித்தான் ஆரம்பித்தார். எங்கள் வீட்டிலும் கட்டத்தாளுக்குப் பஞ்சமில்லை. அப்பா காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலைக்கு டிசைன் போடுபவர். அவர் நிரப்பும் கட்டம்தான் பிறகு தறிக்கு டிசைன் சொல்லும் ஜக்கார்டு அட்டையில் ஓட்டையாகிறது. அட்டை குத்திய பிறகு தப்பு தெரிந்தால் ஓட்டையின் மேல் காகிதம் ஒட்டி மூடிவிடுவார்கள். மெயின்நெட்டில் அந்தக் காகிதம் கிடையாது. இந்தத் தொடர் முடிந்ததும் அப்பாவின் பழைய அன்னப்பட்சி அட்டை ஒன்றை அப்படியே பைட்டாக மாற்றி ஏற்றும் எண்ணம் இருக்கிறது. ஓட்டை 1, ஓட்டையில்லை 0. விற்கிற யோசனை இல்லை. விற்றால் 30 சதவீத வரி வேறு.

இதுவரை நேற்று எழுதியது.

இன்று காலை அம்மாவிடம் காட்டினேன். போனை எட்டப் பிடித்துப் பார்த்தாள். "ஆயா எப்படி சிரிக்கும்னு மறந்துட்டியாடி? ஒரு பக்கந்தான் மேல ஏறும். இன்னொரு பக்கம் பல்லு போனதுலருந்து அசையவே அசையாது."

எந்தப் பக்கம் என்று கேட்டேன். ஆயாவின் இடதா, படத்தின் இடதா என்று பத்து நிமிடம் குழம்பினோம். கடைசியில் அம்மா என்னை எதிரில் உட்காரவைத்து என் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். ஆயாவின் இடது. படத்தில் 17-ஆம் நெடுவரிசை அப்படியே இருக்கலாம், 8 இறங்க வேண்டும்.

அங்கேயே லேப்டாப்பைத் திறந்து 8-ஐ ஒரு வரிசை இறக்கி 18-க்குக் கொண்டுவந்தேன். வாய்க்கோடும் அதே வரிசை என்பதால் தடி ஒல்லிக் கணக்கும் தப்பவில்லை. அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. நான் ஒப்பந்தத்தை மறுபடி தொகுக்க ஆரம்பித்தேன்.

"மூக்குத்தி ஏன் அந்தப் பக்கம் இருக்கு?" என்றாள்.

ரேஷன் கார்டுப் படத்தில் மூக்கே சரியாகத் தெரியவில்லை. வாக்காளர் அட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.