ஒட்டாவாவுக்குப் போன இரண்டு பிரதிகள்

என் முதல் கவிதைத் தொகுதி வந்துவிட்டது. பெயர் '54ஆம் இலக்க பஸ்'. 72 பக்கம், 41 கவிதைகள், 300 பிரதிகள். சென்னையில் அச்சாகி, போன மாதம் நான்கு பெட்டிகளில் கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. முதல் பெட்டியை வெட்டித் திறந்ததும் மை மணம் எழும்பியது. இரவு வேலை முடிந்து வந்த அலுப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

2013 பெப்ரவரியில் ரொறன்ரோவில் வந்து இறங்கினேன். முதலில் கிடைத்தது பொதி கட்டும் வேலை. இரவு பதினொன்றுக்குத் தொடங்கி காலை ஏழுக்கு முடியும். லோரன்ஸ் கிழக்கு வீதியில் ஓடும் 54ஆம் இலக்க பஸ்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து விடும். கையுறையைக் கழற்றினால்தான் போனில் எழுதலாம். கழற்றினால் விரல் விறைத்துப்போகும். அதனால் தரிப்பிடத்தில் நிற்கும்போது வரிகளை வாய்க்குள் சொல்லிச் சொல்லி வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஏறி விரல் இளகிய பிறகு எழுதுவேன். அதற்குள் மறந்துபோன வரிகளைத் தேடுவதில்லை. இப்போதும் ஒரு வரி நல்லதா என்று அப்படித்தான் பார்க்கிறேன்.

பெரிய சிக்கல் சொல்லில்தான் வந்தது. 'பனி' என்று எழுதினால் ஊரில் மார்கழி விடியலில் புல்லில் நிற்கும் ஈரம்தான் எனக்குள் வருகிறது. முன்பனி, பின்பனி என்று பழந்தமிழ் பிரித்துவைத்த பருவங்களும் அந்தப் பனிதான். இங்கே முழங்கால் வரை கொட்டி, உப்புப் போட்டுச் சாம்பல் நிறச் சேறாகிக் கிடப்பதை வீட்டில் எல்லோரும் 'ஸ்னோ' என்கிறோம். கவிதையில் அப்படி எழுத எனக்கு மூன்று வருடம் துணிவு வரவில்லை. வெண்பனி, உறைபனி என்று தேடிப்பிடித்துப் போட்ட இடமெல்லாம் வாசிக்கும்போது பொய்யாக ஒலித்தது. கடைசியில் ஸ்னோ என்றே எழுதினேன். அந்தக் கவிதைதான் தொகுதியில் முதலாவது.

நானே பதிப்பாளர். ஒவ்வொரு புத்தகத்தையும் அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் இலக்கத்துக்குக் கனடாவில் காசு இல்லை. பதிவு செய்தால் 13 இலக்கமும் வந்துவிடும். அப்புறம்தான் எனக்குத் தெரியாத ஒரு சட்டம் தெரியவந்தது. இங்கே புத்தகம் வெளியிடுகிறவர் அதை ஒட்டாவாவில் உள்ள கனடா நூலக ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பியே ஆகவேண்டும். நான்கு முதல் 100 பிரதி வரை என்றால் ஒன்று, அதற்கு மேல் என்றால் இரண்டு. எந்த மொழிப் புத்தகம் என்றாலும் சரி. கட்டாயம் என்று எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். என் தமிழை ஒரு நாடு சட்டம் போட்டுக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் என்று நான் நினைத்ததே இல்லை.

அனுப்பப் போகும்போதுதான் 37ஆம் பக்கத்தைப் பார்த்தேன். 'வாழை இலையில் மழை' என்பது 'வாளை இலையில் மழை' என்று அச்சாகியிருந்தது. எங்கள் கிணற்றடி வாழை மீனாகிவிட்டது. அச்சகத்தில் அந்தப் பக்கத்தைத் திரும்பத் தட்டச்சு செய்தபோது நடந்த பிழை. வயிற்றைப் பிசைந்தது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து வந்த மகள் பேனையை எடுத்தாள். ளை என்பதை ஒரு கோட்டால் வெட்டி, மேலே சின்னதாக ழை. சமையலறை மேசையில் இரண்டு பின்னேரம், 300 பிரதியும். முதல் இருபதில் அவளுடைய ழ கொஞ்சம் சரிந்திருக்கிறது, பிறகு நிமிர்ந்துவிட்டது. அந்தச் சரிந்த ழ இருக்கும் பிரதிகளில் இரண்டைத்தான் ஒட்டாவாவுக்கு அனுப்பினேன். திருத்தாமல் அனுப்ப மனம் வரவில்லை.

அன்றிரவு யாழ்ப்பாணத்துக்கு அம்மாவை அழைத்துச் சொன்னேன். 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அப்பா அங்கே அங்கத்தவர். 97,000 வரையான நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. இரவல் எடுத்திருந்த ஒரு புத்தகம் மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. அதைத் திருப்பிக் கொடுக்க இடமில்லாமல் அப்பா கனகாலம் துணியில் சுற்றி வைத்திருந்தார். வெப்பமும் ஈரப்பதமும் அளந்து வைத்த அறைகளில் இங்கே புத்தகங்களைப் பாதுகாப்பார்கள் என்று அம்மாவுக்கு விளக்கினேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அங்கை நெருப்புக் கிருப்பு வராதோ பிள்ளை?"

"வராது அம்மா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப ஒண்டை எங்கடை லைப்ரரிக்கும் அனுப்பு" என்றார். திரும்பக் கட்டி 2003இல் திறந்த அதே நூலகத்துக்கு.

அந்தப் பொதியைக் கட்டிவிட்டேன், நாளைக்குத் தபாலில் போடுகிறேன். அதிலும் 37ஆம் பக்கத்தில் மகளின் ழ இருக்கிறது, நிமிர்ந்த ழ.