கவர் போட்ட மெஷின்

ஜூன் 4
இன்றும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஜனோமி மெமரி கிராஃப்ட் 9500. தையலும் எம்பிராய்டரியும் ஒரே மெஷினில். அமெரிக்காவில் வாங்கி அங்கேயே வருஷக்கணக்கில் ஓட்டியது. ஊர் திரும்பும்போது சாமான்களோடு வந்திருக்கிறது. விற்கிற அக்கா 45,000 சொல்கிறார். “உனக்குன்னா 40-க்குத் தர்றேன்டி” என்றார் அக்கா. எனக்குன்னா ஏன் 5,000 குறைகிறது? வீட்டு விஷயம் அவர் காதுக்கும் போயிருக்கிறதா?

ஜூன் 5
ரிப்போர்ட் வரவில்லை.

ஜூன் 6
தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். பின்கழுத்து டிசைன் 30,000 தையல் என்று வைத்துக்கொள்வோம். நிமிஷத்துக்கு 650 என்றால் முக்கால் மணி நேரம், நிற்காமல் ஓடினால். ஒற்றை ஊசி நிற்காமல் எங்கே ஓடும்? கலர் மாறும்போதெல்லாம் நின்றுவிடும், நான்தான் எழுந்து போய் நூல் மாற்ற வேண்டும். துணியைப் பூட்டுகிற சட்டம், ஹூப், அதில் பெரியதே 14-க்கு 20 சென்டிமீட்டர்தான். அகலக் கழுத்து என்றால் பாதி அடித்து, துணியைக் கழற்றி, நகர்த்திப் பூட்டி, மீதியை அடிக்கணும். ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் மாங்காய் நடுவில் பிளந்து நிற்கும். கல்யாண பிளவுஸ்காரர்கள் ஆரியும் ஜர்தோசியும் கேட்கிறார்கள். மணி கோர்க்கிற வேலை இந்த மெஷினுக்கு வராது.

ஆனால் பெயர் போட்ட டவல், பாவாடைக் கரை, ஸ்கூல் பேட்ஜ்? பேட்ஜ் வரும். நிச்சயம் வரும்.

மதினியிடம் சொன்னேன். “இருக்கிற மெஷினுக்கே துணி வரக் காணோம்.” அவ்வளவுதான் பதில்.

ஜூன் 7
பிளக் சொருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் சின்ன லேபிள்: 120 வோல்ட். நம் வீட்டில் 230. நேராகச் சொருகினால் உள்ளே இருக்கிற பவர் போர்டு அங்கேயே தீர்ந்தது. அக்கா வீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். “அதையும் சேர்த்துத் தருவீங்களாக்கா?” என்றேன். “அது மிக்ஸிக்கு வேணுமே.” மிக்ஸியும் அமெரிக்காதான்.

ஜூன் 9
யு.எஸ்.பி. கிடையாது. டிசைன் ஏற்றப் பழைய ஏ.டி.ஏ. மெமரி கார்டு போடுகிற மெஷின். லேப்டாப்பில் அந்தத் துளையே இல்லை. காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு, அதற்கு ஓர் அடாப்டர், கம்ப்யூட்டர் பக்கம் ஒரு ரீடர். கார்டும் சின்னதாக இருக்கணும். பெரிய கொள்ளளவைப் பழைய மெஷின்கள் கண்டுகொள்வதில்லை. டிசைன் ஜனோமி படிக்கிற ஜெஃப் ஃபைலாக வேண்டும். வேறு கம்பெனி மெஷினுக்கான பி.இ.எஸ். ஃபைல் என்றால் மாற்றித்தான் ஏற்றணும். இதையெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து போனில் படித்தேன். டோக்கன் நம்பர் கூப்பிட்டது காதில் விழவில்லை, வீட்டுக்காரர்தான் தட்டினார்.

ஜூன் 10
சீட்டுப் பணம் வந்தாயிற்று. பீரோவில். அவரும் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜூன் 12
மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்விட்சைப் போட்டதும் எம்பிராய்டரிக் கை இடமும் வலமும் நகர்ந்து தன் இடத்தில் நின்றது. “சத்தம் சுத்தமா இருக்கு” என்றார். மெஷினுக்குள் இருந்த பூ ஒன்றை அடிக்கச் சொன்னேன். காட்டன் துணி, அடியில் கேன்வாஸ் பேப்பர், மேல்நூல் சிவப்பு, அடிநூல் சுற்றுகிற பாபினில் வெள்ளை. முடிந்ததும் அண்ணன் பூவைப் பார்க்கவேயில்லை. திருப்பி அடிப்பக்கத்தைத்தான் பார்த்தார். ஒவ்வோர் இதழிலும் நடுவில் வெள்ளை மூன்றில் ஒரு பங்கு, இரண்டு ஓரமும் சிவப்பு. “நூல் டென்ஷன் இப்படித்தாம்மா இருக்கணும்.” எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அத்தனை நாளாகச் சிரிக்காத முகம்.

படி இறங்கும்போது சொன்னார்: “ஊசி, பெல்ட்டுன்னா நான் பார்த்துக்கறேன். போர்டு போச்சுன்னா என்கிட்ட கொண்டு வராதீங்க. இந்த வயசு மெஷினுக்கு போர்டு தேடி அலைய முடியாது.”

சரி. போர்டு ஏன் போகணும்?

ஜூன் 13
எல்லாம் எரிச்சலாக இருக்கிறது. மெஷினும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். 40,000 ரூபாய்க்கு எத்தனை ஸ்கேன் எடுக்கலாம்.

ஜூன் 13, ராத்திரி
அவரே கேட்டார், “அந்த மெஷின் என்னாச்சு?” யோசிக்கிறேன் என்றேன். “வாங்கிப் போடு. உன் கையில ஒரு தொழில் நிக்கட்டும்.” இப்போது எதற்கு அப்படிச் சொல்கிறார்? அடுக்களைக்குப் போய்ப் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே தேய்த்தேன்.

ஜூன் 15
அக்கா போன். திண்டுக்கல்லிலிருந்து ஒருத்தர் முழுப் பணத்தோடு வருகிறாராம், 45-க்கே. நாளை மதியம் வரை டைம் வாங்கியிருக்கிறேன். ரிப்போர்ட் காலை 11 மணிக்கு. டவுன்ஹால் ரோட்டில் டிரான்ஸ்ஃபார்மர் விசாரித்தேன், 500 வாட் இருக்கிறதாம். கடை பத்து மணிக்குத் திறக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழிதான்.