ஆர்ட்டீமியா முட்டையின் ஓட்டை நீக்கிப் பவளத் தொட்டிக்குக் கொடுப்பது

டப்பாவில் வரும் ஆர்ட்டீமியா (மீன் தீனியாகும் சிறு உப்புநீர் இறால்) முட்டையை அப்படியே பவளத் தொட்டியில் தூவ வேண்டாம். அதன் பழுப்பு ஓடு செரிக்காது. குஞ்சு மீன்களின் குடலை அடைத்துவிடும். மிதக்கும் மிச்சம் ஓவர்ஃப்ளோ (தொட்டி நீர் வழிந்து வெளியேறும் பகுதி) இடுக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஓட்டை எடுத்துவிட்டால் அதே முட்டை கால் மில்லிமீட்டர் அளவில் சத்தான தீனி.

ஒரு தடவைக்கு 5 கிராம் தாராளம். நல்ல தண்ணீரில் ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு 1 மணி நேரம் ஊறவிடுகிறோம். காய்ந்த முட்டையில் குழி விழுந்திருக்கும். ஊறி உருண்டையானால்தான் ப்ளீச் எல்லாப் பக்கமும் படும். 20 மில்லி கடல்நீரில் முக்கால் கிராம் காஸ்டிக் சோடாவைக் கரைத்து, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (திரவ ப்ளீச்) 50 மில்லி சேர்த்து, வடிகட்டிய முட்டையை அதில் கொட்டிக் கிளற வேண்டும். கையுறையும் கண் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். வாசனை ப்ளீச் ஆகாது. வெகுநாள் திறந்திருந்த பாட்டிலில் குளோரின் வீரியம் குறைந்திருக்கும். ஓடு கரைவது பாதியில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

கரைசல் தானாகச் சூடேறும். 40 டிகிரியைத் தொட்டால் கரு செத்துவிடும் என்பதால் பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் நிறுத்துகிறோம். பழுப்பு சாம்பலாகி, பிறகு ஆரஞ்சாகும். 5 முதல் 15 நிமிடம் பிடிக்கும். கடிகாரத்தை விட நிறத்தை நம்புங்கள். ஆரஞ்சு வந்ததும் 100 மைக்ரான் வலையில் கொட்டி, ப்ளீச் வாடை போகும்வரை அலசி, 0.1 சதவீத ஹைப்போ (குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட்; ப்ளீச் அல்ல) கரைசலில் ஒரு நிமிடம் முக்கி, மறுபடி அலச வேண்டும். இதில் மட்டும் சோம்பல் கூடாது: மிஞ்சும் குளோரின் பவளத்தையும் ஃபில்டர் பாக்டீரியாவையும் சேர்த்தே கொல்லும்.

ஸ்கிம்மர் (நுரையோடு கழிவைப் பிரிக்கும் கருவி), ரிட்டர்ன் பம்ப் (நீரைத் தொட்டிக்குத் திருப்பி ஏற்றுவது), வேவ்மேக்கர் (நீரோட்டம் உண்டாக்குவது) மூன்றையும் 15 நிமிடம் நிறுத்தி, ஒரு சிட்டிகை முட்டையைத் தொட்டி நீரில் கலந்து பிப்பெட்டால் பாலிப்பின் (பவளத்தில் இரை பிடிக்கும் சிறு உயிர்) மேல் மெதுவாக விடுகிறோம். சன் கோரல் என்ற பவளம் விரிந்திருக்கும்போது நன்றாகப் பிடிக்கும். மாண்டரின் மீன் அசையாத தீனியைப் பெரும்பாலும் சீண்டாது. அதற்காக ஒரு பங்கை 28 டிகிரி உப்புநீரில், காற்றும் வெளிச்சமும் கொடுத்து ஒரு நாளில் பொரிக்க வைக்கிறோம். பொரிந்த குஞ்சைச் சீக்கிரம் கொடுத்துவிட வேண்டும், கருவுணவு கரையக் கரைய சத்து குறையும்.

மிச்சத்தை ஃபிரிட்ஜில் இருட்டாக வைத்தால் சில நாள் தாங்கும். ஓடில்லாத கரு வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்காது. வாரக்கணக்கில் வேண்டுமானால், உப்பு இனிமேல் கரையாது என்ற அளவுக்குச் செறிவான நீரில் போட்டு வைத்து, கொடுக்கும் முன் அலசிக்கொள்ளலாம்.